அக்கா பதில்கள்: சீனா மேல் வரி, கட்டுவது யார்?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் எந்தக் கட்சிக்காரர் நின்றாலும் ‘சீனாவை ஒரு கை பார்க்கிறேன்’ என்கிறார். ஜெயித்தபின் செய்கிறார்களா? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: மேடையில் வீரம், நாற்காலியில் நிதானம். அதுதான் ரொம்ப நாள் வழக்கம், தங்கச்சி. 1992-ல் கிளிண்டன், அப்போதைய அதிபர் புஷ் பெய்ஜிங்கிடம் குழைகிறார் என்று சாடினார். ஜெயித்தார். 1994-ல் மனித உரிமை வேறு, வியாபாரம் வேறு என்று பிரித்துவிட்டார். 2000-ல் சீனாவோடு நிரந்தர வர்த்தக உறவுக்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அவரேதான். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்புக்குள் வந்துவிட்டது.

2012-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னி, பதவியேற்ற முதல் நாளே சீனாவை ‘நாணய மதிப்பில் தில்லுமுல்லு செய்யும் நாடு’ என்று அறிவிப்பேன் என்றார். தோற்றுப்போனதால் அவருக்கு அந்தச் சோதனை வரவில்லை. 2016-ல் டிரம்பும் அதையே சொன்னார். முத்திரை குத்தியது 2019 ஆகஸ்டில். அழித்தது 2020 ஜனவரி 13. சீனாவோடு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்து ஜனவரி 15! முத்திரை எதற்குப் பயன்பட்டது என்று புரிகிறதல்லவா?

ஆனால் வரி விஷயத்தில் அந்த வழக்கம் மாறிப்போனது. 2018-லிருந்து சீனச் சரக்கு மேல் டிரம்ப் போட்ட இறக்குமதி வரிகளைப் பைடன் பிரசாரத்தில் திட்டினார். பதவிக்கு வந்தபின் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார். 2024-ல் சீன மின்சாரக் கார் மேல் இருந்த 25%-ஐ 100% ஆக்கினார். தேர்தலைத் தீர்மானிக்கும் ஃபேக்டரி மாநிலங்களான பென்சில்வேனியா, மிச்சிகன் ஓட்டுகள் அப்படி. வரியை எடுத்தால் மறுநாளே எதிர்க்கட்சிக்கு விளம்பரம் தயார். ஒருமுறை போட்ட வரியை எடுக்கத்தான் தைரியம் வேண்டும். போடுவதற்குத் தைரியம் தேவையில்லை.

கேள்வி: வரியைச் சீனாவே கட்டுகிறது என்று டிரம்ப் சொல்வது மெய்யா? (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: கன்டெய்னர் டர்பனில் இறங்கினதும் கஸ்டம்ஸ் வரிச் சீட்டு யார் பேருக்கு வரும்? சரக்கை இறக்குமதி செய்தவர் பேருக்கு. ஷாங்காய்க்கு அந்தச் சீட்டை அனுப்பியதாக என் சர்வீஸில் ஞாபகமே இல்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். நம் நாட்டில் ஆயத்த உடைக்கு 45% வரி. துணிக்கடைக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பணத்தைக் கட்டுவார். ஆபீஸ் மேஜையிலேயே கால்குலேட்டரைத் தட்டிச் சட்டைக்குப் புது விலை போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். சீன ஃபேக்டரி சில நேரம் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொடுக்கும், அதை மறுக்கவில்லை. மீதி கடைக்காரர் லாபத்திலிருந்தோ உங்கள் பையிலிருந்தோ போகிறது.

2024-ல் கமலா ஹாரிஸ், டிரம்ப் சொல்லும் புது வரி மக்கள் தலையில் விழும் விற்பனை வரி என்றார். சரியான பேச்சு. அவர் துணை அதிபராக இருந்த அரசு வைத்துக்கொண்ட பழைய வரி மட்டும் வேறு யார் தலையிலாம்?

கேள்வி: அவர்கள் சண்டை நமக்கென்ன? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: 2025 ஆகஸ்டில் நம் சரக்கு பலவற்றுக்கும் அமெரிக்கா 30% போட்டதே, ஐயா! இங்கிருந்து போகும் ஆரஞ்சு சீனாவில் விளைந்ததா? இன்னொரு பக்கம், 2009-லிருந்து நம் பெரிய வியாபாரக் கூட்டாளி சீனா. இரண்டு பக்கமும் நமக்கு வேண்டும்.

நம் நாட்டின் 2024 மே தேர்தலில் நான் கேட்ட பேச்செல்லாம் கரண்ட், தண்ணீர், வேலை. சீனத் துணி பற்றி ஒரு வேட்பாளரும் வாய் திறந்து நான் கேட்கவில்லை. டர்பனில் எத்தனை வீட்டுப் பெண்கள் தையல் ஃபேக்டரி சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்! 2007, 2008-ல் சீனத் துணிக்கு அளவுக் கட்டுப்பாடு போட்டுப் பார்த்தோம். சரக்கு வேறு நாட்டு லேபிளோடு வந்து இறங்கியது. பூட்டிய ஃபேக்டரி திறக்கவில்லை. வேட்பாளர் வாசலுக்கு வந்தால் இதைக் கேளுங்கள்: எந்தச் சரக்குக்கு, எத்தனை சதவீதம், எது வரைக்கும்?

கேள்வி: டெமு, ஷீன் என்ற மலிவு ஆன்லைன் கடைகள் பக்கம் நீங்கள் போவதுண்டா? (வாசகி, டர்பன்)

பதில்: பேத்திதான் வாங்குகிறாள். 2024 செப்டம்பரிலிருந்து சின்னப் பார்சலுக்கும் 15% வாட் உண்டு. அதை என் பென்ஷனில் எழுதாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.