கொன்வெர்ட்டர் களவு போன பிரியஸில் வெறும் குழாய் ஒட்டி ஓடலாமா?

கிளிநொச்சியில் 2010 ஆம் ஆண்டு பிரியஸ் வைத்திருக்கிறீர்கள், இரவோடு இரவாக, புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிட்டிக் கொன்வெர்ட்டரை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள், வெறும் குழாய் ஒட்டினால் போதுமா என்று கேட்கிறீர்கள். கராஜ் வரை கொண்டு போகப் போதும். அப்படியே விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டு பிரியஸுக்கும் இதே கதிதான், பரந்தன் பக்கம் நிறுத்தியிருந்தபோது. இந்தக் காரில் ஒரு வேடிக்கை, ஸ்டார்ட் பண்ணும்போது பெரும்பாலும் பட்டரியில் சத்தமில்லாமல் நகரும். ஒழுங்கை முடியும் இடத்தில் எஞ்சின் பிடித்தபோதுதான் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் மாதிரி அலறியது.

முதலில் அந்த நிலையில் கண்ணாடியைப் பூட்டி ஏசி போட்டு ஓடாதீர்கள். வெட்டுப்பட்ட இடம் இருக்கைகளுக்கு நேர் கீழே, காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு உள்ளே வரும், மணமே தெரியாது. அப்புறம் வெட்டுவாயைப் படம் எடுத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். பொருள் திரும்பி வரும் என்றில்லை, ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தால் அந்தப் பிரதி தேவைப்படும். கம்பனி ஆள் வந்து பார்க்கும்வரை எதையும் ஒட்டவேண்டாம். தேர்ட் பார்ட்டி என்றால் செலவு உங்கள் தலையில்தான்.

களவெடுப்பவன் இரும்புக்காக எடுப்பதில்லை. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். சில கிராம்தான், ஆனால் 2021 இல் ரோடியம் மட்டும் அவுன்ஸ் 20,000 டொலரைத் தாண்டியது. பெட்ரோலும் பட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களில் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவதால் பூச்சு அவ்வளவாகத் தேய்வதில்லை. அதனால்தான் பிரியஸ் என்றால் கண் வைக்கிறார்கள்.

குழாய் வைத்தால் எண்ணெய் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். பின்பக்க ஒட்சிசன் சென்சர் சீக்கிரமே கண்டுபிடித்து டாஷ்போர்ட்டில் எஞ்சின் லைட்டைப் போட்டுவிடும். அது எரிந்துகொண்டே இருந்தால் நாளைக்கு வேறு பிழை வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறுவதும் எஞ்சின் இருக்கும் நிலையைப் பொறுத்தது. தேறாவிட்டால் வாகன வருமான அனுமதிப்பத்திரம் இல்லை.

மலிவான புதுக் கொன்வெர்ட்டரில் பூச்சு குறைவு, கொஞ்ச நாளில் அதே லைட் திரும்ப எரியும். என்னைக் கேட்டால் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் ஒன்று நல்லது. கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குச் சொல்லிவிட்டால் எடுக்கலாம். உடம்பில் அடித்திருக்கும் இலக்கம் உங்கள் மொடலுக்கு உரியதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் யாரோ ஒருவரின் காரிலிருந்து வெட்டியதை, ஏன் உங்களுடையதையே, காசு கொடுத்து வாங்கவும் கூடும். சென்சர் வயரையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்க மறக்கவேண்டாம்.

இரவுக் கள்ளனைவிட எனக்குப் பயம் பகல் கள்ளன்தான். வேறு வேலைக்குக் கராஜில் விட்ட காரில் கொன்வெர்ட்டர் கூட்டைத் திறந்து உள்ளதை எடுத்துவிட்டு, வெறும் தகரத்தை ஒட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும். எங்கள் மெக்கானிக் ஒருமுறை வேறொருவரின் காரை ஜக்கில் ஏற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உதுக்குள்ள ஒண்டுமில்லை, வெறும் கோது" என்றார். கார் கம்பனி போட்ட வெல்டிங் தையல் நேராக, மெல்லிசாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் கட்டிகட்டியாகப் புது வெல்டிங் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கராஜுக்கு விடமுன் அடிப்பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து, அதை மெக்கானிக்குக் காட்டிவிட்டே சாவியைக் கொடுங்கள்.

புதுசு போட்டதும் வெல்டிங் கடையில் கம்பிக் கூடு அடித்துவிடுங்கள். அறுக்கவே முடியாது என்றில்லை, நேரம் எடுக்கும். கூட்டை போல்ட்டில் பூட்டச் சொல்லுங்கள், முழுவதும் ஒட்டிவிட்டால் அடுத்த திருத்தவேலைக்கு நீங்களே அறுக்கவேண்டி வரும்.