இரட்டிப்பாக்கினால் இரட்டிப்பாகுமா?

கேள்வி: 'ஒய் = எம்எக்ஸ் + சி' எனக்குத் தலைகீழ்ப் பாடம். எம் என்றால் சாய்வு, சி என்றால் வெட்டுத்துண்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கணக்கை வாக்கியமாகக் கொடுத்துவிட்டால் எது எம், எது சி என்று குழப்பம்தான். நேரியல் சார்பு என்று உண்மையில் எதைத்தான் சொல்கிறார்கள்?

பதில்: சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். ஒரு மெழுகுவர்த்தி, ஏற்றும்போது 20 செ.மீ. உயரம், மணிக்கு 2 செ.மீ. கரைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் கழித்து 18, அப்புறம் 16, 14. முதல் மணி நேரமோ ஐந்தாவது மணி நேரமோ, குறைவது அதே 2 செ.மீ.தான். அவ்வளவுதான் விஷயம். இங்கே எக்ஸ் என்பது கழிந்த மணி நேரம், ஒய் என்பது உயரம். எக்ஸ் சமமான அடிகளில் நகர்ந்தால் ஒய்யும் சமமான அடிகளில் நகர வேண்டும், அப்படி நகர்ந்தால் அது நேரியல் சார்பு, வரைபடத்தில் நேர்கோடாக வருவதும் அதனால்தான்.

எக்ஸ் 1 கூடும்போது ஒய் எவ்வளவு மாறுகிறதோ அது எம். இங்கே குறைவதால் −2. எக்ஸ் 0 ஆக இருக்கும்போதே கையில் இருந்தது சி, இங்கே 20. ஆக, ஒய் = −2எக்ஸ் + 20. வாக்கியத்தில் 'மணிக்கு', 'ஒவ்வொன்றுக்கும்', 'வீதம்' என்று வந்தால் பக்கத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் எம். 'முதலில்', 'ஏற்கெனவே' என்று வந்தால் சி. (11 மணி நேரத்துக்குப் பிறகு உயரம் என்ன என்று இந்தச் சூத்திரத்தைக் கேட்டால் −2 செ.மீ. என்று கூசாமல் சொல்லும். மெழுகு தீர்ந்துபோனது அதற்குத் தெரியாது, எக்ஸ் 0 முதல் 10 வரைதான் என்று மதிப்பகத்தை நாம்தான் சொல்லிவைக்க வேண்டும்.)

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் தடுக்கி விழும் இடம் இது. எக்ஸ் இரண்டு மடங்கானால் ஒய்யும் இரண்டு மடங்காகும் என்று நினைப்பது. செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்ற 1.8ஆல் பெருக்கி 32 கூட்டுகிறோம், இதுவும் நேரியல் சார்புதான். 10 டிகிரி செல்சியஸ் 50 ஆகிறது. 20 டிகிரி 100 ஆகவில்லை, 68தான். 30 டிகிரிக்கு 86. ஒவ்வொரு 10க்கும் 18 கூடுகிறது, ஆனால் இரட்டிப்பு இல்லை, ஏனென்றால் அந்த 32 ஒரே ஒரு தடவைதான் சேருகிறது. சி பூஜ்ஜியமாக இருந்தால் மட்டுமே, அதாவது கோடு (0, 0) என்ற ஆதிப்புள்ளி வழியாகப் போனால் மட்டுமே, இரட்டிப்பு வேலை செய்யும். அதைத்தான் நேர் மாறல் என்று முன்பே படித்திருப்பீர்கள், அந்தப் பழக்கம் இங்கேயும் கூடவே வந்துவிடுகிறது.

கேள்வி: இரண்டு புள்ளிகள் கொடுத்துச் சாய்வு கேட்டால் எதை எதால் வகுப்பது என்று ஒவ்வொரு முறையும் மாற்றிப் போட்டுவிடுகிறேன்.

பதில்: 'எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் எவ்வளவு?' என்று உங்களையே கேளுங்கள். (2, 7), (5, 16) என்ற புள்ளிகளில் எக்ஸ் 3 கூட, ஒய் 9 கூடுகிறது. அப்படியானால் ஒன்றுக்கு 3. எக்ஸ் 2இல் இருந்து 0 வரை பின்னால் வந்தால் ஒய் 7இல் இருந்து 6 குறைந்து 1 ஆகும், சியும் கிடைத்துவிட்டது: ஒய் = 3எக்ஸ் + 1. எக்ஸுக்கு 5 போட்டுப் பாருங்கள், 16 வராவிட்டால் எங்கேயோ தவறு.

கேள்வி: எக்ஸ் = 4 என்பதும் நேர்கோடுதானே, அது ஏன் சார்பு இல்லை?

பதில்: சார்பு என்றால் ஓர் எக்ஸுக்கு ஒரே ஒரு ஒய்தான் இருக்க வேண்டும். செங்குத்துக் கோட்டில் 4 என்ற ஒரே எக்ஸுக்கு எல்லா ஒய்யும் வந்து நிற்கின்றன. சாய்வு காணப் போனாலும் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டிவரும், அது முடியாது. ஒய் = 4 என்ற படுக்கைக் கோட்டுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, அதன் சாய்வு 0, அது சார்புதான்.