கிறிஸ்துவை மையமாக வைத்து வாழ்கிறேனா என்று எதை வைத்துச் சோதித்துப் பார்ப்பது?

ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன், காலையில் ஜெபம் உண்டு, ஆனாலும் வேலையும் வீட்டுக்கடனும்தான் முதலிடத்தில் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு முப்பது வயது இருக்கும், சென்னையிலோ பெங்களூரிலோ கம்ப்யூட்டர் வேலை என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பென்றால் மன்னியுங்கள்.

நான் பிரசங்கியார் இல்லை. பொறையாறு பக்கத்தில் பன்னிரண்டு மா நிலம் வைத்திருக்கிற லுத்தரன், அதாவது மார்ட்டின் லூத்தர் வழிவந்த சபைக்காரன். மா என்றால் தெரியாதவர்களுக்கு: மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய தரங்கம்பாடி எங்களுக்கு சைக்கிள் மிதிக்கிற தூரம். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததும் அங்கேதான். இதை விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்வதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பெருமை, எனக்குக் கொஞ்சம் கூடவே. முன்னுரிமை பற்றி என்னிடம் அப்போது கேட்டிருந்தால் "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்ற மத்தேயு 6:33-ஐ மூச்சு விடாமல் ஒப்பித்திருப்பேன். சபைக் கமிட்டியிலும் இருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. அந்த வருஷம் சம்பா பின்தங்கிவிட்டது. ஜூன் 12-ம் தேதி மேட்டூரைத் திறந்து ஆற்றில் பூத்தூவும் படம் அன்றைக்கே போனில் வந்துவிடும். தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வருவதற்குள் மேலே இருப்பவர்கள் நாற்று விட்டு, நட்டு, களையும் எடுத்திருப்பார்கள். வாய்க்கால் தூர்வாரிய லட்சணத்தையும் பார்க்க வேண்டுமே! கரை ஓரம் புல்லைச் செதுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நடு வாய்க்காலில் ஆகாயத்தாமரை அப்படியே கிடக்கும். மழைக்காலத்தில் மேலே வடிகிற தண்ணீர் மட்டும் ஒரு நாள் தாமதிக்காமல் எங்கள் வயலுக்குள் வந்து நிற்கும். சரி, அதை விடுங்கள், கேட்ட கேள்வி வேறு.

களை எடுக்க பதினான்கு பெண்கள் இரண்டு நாள் வந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய், மொத்தம் 5,600. கையில் பணம் இல்லை. "நெல் போட்டதும் தந்துடறேன்க்கா" என்றேன். ஆட்களைக் கூட்டிவருகிற அக்கா எங்கள் சபைதான். வயலில் என்னை ஐயா என்பார், கோயிலில் தம்பி என்பார். காரணம் நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

தை மாதம் அறுப்பு. இப்போது எங்கே ஆள் வைத்து அறுக்கிறோம்? மிஷின்தான், மணிக்கணக்கில் வாடகை. வரப்பை விட்டு வண்டி இறங்குவதற்குள் காசை எண்ணி வைத்தாக வேண்டும். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன். அப்புறம் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பனியோ விட்டபாடில்லை. காலையில் கொட்டிக் காயவைப்பதும் சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போடுவதுமாக ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளுக்குள்தான் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. பண்டிகை ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். பூசணிக்காய், வாழைத்தார், சேவல் என்று ஆளாளுக்குக் காணிக்கையாகக் கொண்டு வருவதை ஏலம் விடுவார்கள். அன்று ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த ஒருவர் 500 என்றார். நான் 600 என்றேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சரி, தெரியும், எழுதக் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் 3,500-க்கு என் பேரில் முடிந்தது. கைதட்டினார்கள். ஐயர் (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினார். ஏலப் பணத்தை அப்புறம் கட்டினால் போதும்.

நெல் பணம் வங்கிக்கு வந்தது. முதலில் உரக்கடை பாக்கி. அடுத்து தசமபாகமும் ஏலப் பணமும் ஒரே கவரில். கழிக்காமல் மொத்த வரவில் பத்தில் ஒன்று கொடுத்தேன் என்று உள்ளுக்குள் நிறைவாகக்கூட இருந்தது. களைக்கூலியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இல்லை என்று சொல்ல நினைக்கவே இல்லை, அதை நம்புங்கள். அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று ஓர் எண்ணம், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது அக்கா கேட்டார்: "தம்பி, எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டாச்சா?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன். என்ன குத்தல் பேச்சு, கோயில் வாசலில் வைத்தா கேட்பது என்றெல்லாம். மனைவி ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். நான் அடங்கும் வரை இருந்துவிட்டு, "யாக்கோபு அஞ்சு நாலு எடுத்துப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வயல்களை அறுத்தவர்களின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது அங்கே. என் வயலை அறுத்த மிஷினுக்குக் கூலி பாக்கி இல்லை. களை பறித்த கைகளுக்குத்தான் பாக்கி. அப்புறம் கணக்கு நோட்டை எடுத்துத் தேதிவாரியாகப் படித்தேன். மிஷின், உரக்கடை, கோயில். அந்தப் பதினான்கு பேர் எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் பத்தில் ஒன்று எடுத்துக் கொடுத்த மொத்த வரவில் அவர்களுடைய 5,600-ம் இருந்தது. அவர்கள் காசுக்கும் சேர்த்து நான் தசமபாகம் கட்டியிருக்கிறேன்!

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஜெபம் எத்தனை நிமிஷம், வேதம் எத்தனை அதிகாரம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். போனில் ஜிபே பட்டியலைத் திறந்து மூன்று மாதத்தைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். யாருக்கு அன்றைக்கே போயிருக்கிறது, யாரைக் காக்க வைத்தீர்கள் என்று பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா, ஊரில் மாத்திரைக்குப் பணம் கேட்டிருக்கும் அப்பா, இப்படி யாராவது இருப்பார்கள். காக்க வைத்தால் சத்தம் போடாதவர்களைத்தான் நாம் காக்க வைக்கிறோம்.

இதைப் படித்ததும் எங்கள் சபைக்காரர்கள் சிலர் வருவார்கள் என்று தெரியும். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமான், இவன் கிரியையைப் பேசுகிறான் என்பார்கள். கூலி கொடுத்தால் மோட்சம் என்று நான் சொல்லவில்லை ஐயா. லூத்தரே 1522-ல் எழுதிய முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றவர்தான், அதுவும் தெரியும். ஆனால் மாடு வைத்திருக்கிறவனுக்கு வைக்கோல் இளக்காரமில்லை. இன்னும் சிலர், விவசாயிக்கே மிச்சமில்லை, அவன் எங்கே போவான் என்பார்கள். உண்மைதான். மிஷின்காரருக்கு மட்டும் எப்படி வளையல் கிடைத்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த ஞாயிறு சாயங்காலமே அவர்கள் தெருவுக்குப் போய்ப் பதினான்கு பேருக்கும் கொடுத்தேன். அக்கா இரண்டு தடவை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். நான் ஏதோ மன்னிப்பு மாதிரி ஆரம்பித்தேன், "காபி சாப்பிடறீங்களா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். காபி சாப்பிட்டேன். அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை, எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

போன சம்பாவில் களைக்கூலியை அன்றன்றைக்கே கொடுத்தேன், ஒரு நாள் தவிர. அன்று பொறையாறில் எந்த ஏடிஎம்மிலும் பணம் இல்லை. வெறுங்கையோடு வரப்புக்குத் திரும்பினேன். "நாளைக்குக் குடுங்க ஐயா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார் அக்கா. வயலில் இன்னும் ஐயாதான்.