சோறு, பாணை விட்டு ஒடியலுக்கும் மரவள்ளிக்கும் மாறலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது, ஒட்டுசுட்டான் பக்கம். ஒன்பது வருசமாச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கு. சாப்பிட்டால் வயிறு ஊதும், முழங்கால் நோகும். மெற்போமின் இரண்டு நேரமும், கிளிக்கிளசைட் காலையிலும் போடுறன். கனடாவில இருக்கிற தங்கச்சி சோறு, பாண், புட்டு, இடியப்பம், குரக்கன் எல்லாத்தையும் அடியோட விட்டால் எல்லா வருத்தமும் மாறும் எண்டு சொல்லுறா. விட்டிட்டு மரவள்ளி, ஒடியல் புட்டு சாப்பிடலாமா? குளிசையைக் குறைக்கலாமா?

பதில்: குளிசையில் இருந்து தொடங்குவோம், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கிளிக்கிளசைட் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும். காலையில் வழக்கம்போல அதைப் போட்டுவிட்டுப் புட்டுக்குப் பதிலாக ஒரு முட்டையோடு நிறுத்தினால், பத்து பதினொரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். சீனி 70க்குக் கீழே போனதன் அறிகுறி இது. அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டியதுதான். ஆகவே சாப்பாட்டை மாற்ற முன்னரே கிளினிக்கில் சொல்லுங்கள். அளவை டொக்டர் குறைத்துத் தருவார். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். மெற்போமின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. இன்சுலின் ஏற்றுகிறவர்களுக்கு இன்னும் கூட. கிளினிக் கொப்பியில் எம்பாக்லிபுளோசின், டாபாக்லிபுளோசின் என்று ஏதாவது எழுதியிருந்தால் மாச்சத்தை அடியோடு வெட்டவே கூடாது; சீனி அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடலாம். மாச்சத்துக் குறைந்ததும் உடம்பு உப்பையும் நீரையும் வெளியேற்றுவதால், பிரஷர் குளிசை போடுகிறவர்களுக்கு எழும்பும்போது தலைசுற்றும். அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இனி மரவள்ளி. அவித்த சோறு 100 கிராமில் மாச்சத்து ஏறக்குறைய 28 கிராம். அவித்த மரவள்ளி அதே அளவில் 35ஐத் தாண்டும். வற்றாளங்கிழங்கு 20 அளவில் நிற்கும், பாண் 50. ஒடியல் மாவும் குரக்கன் மாவும் உலர்ந்த நிலையில் எழுபது வீதத்துக்கு மேல் மாச்சத்துத்தான். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் கூட என்பது உண்மை, அதற்காகக் கணக்கில்லாமல் சாப்பிட முடியாது. குளுக்கோமீற்றருக்குத் தானியமும் கிழங்கும் ஒன்றுதான். சோற்றை விட்டு அதே கோப்பை மரவள்ளியைச் சாப்பிட்டால் சீனி கூடத்தான் செய்யும்.

தங்கச்சி சொல்வதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாச்சத்தைக் குறைத்தால் ஆறு மாதமளவில் சராசரிச் சீனி நன்றாக இறங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது, பெரும்பாலும் ஆட்கள் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவதால். பிரித்தானியாவில் 2017இல் வெளிவந்த டைரெக்ட் ஆய்வில் எடை குறைக்கும் பிரிவில் இருந்தவர்களில் ஒரு வருடத்தில் 46 வீதமானவர்களுக்குக் குளிசை இல்லாமலே சீனி கட்டுக்குள் வந்தது. அவர்கள் முதல் மாதங்களில் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்த பானத்தின் சக்தியில் பாதிக்கு மேல் மாச்சத்திலிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். வேலை செய்தது எடை குறைந்தது: 15 கிலோவோ அதற்கு மேலோ குறைந்தவர்களில் 86 வீதமானோருக்கு நிவாரணம். ஆனால் அவர்கள் எல்லோரும் வருத்தம் கண்டு ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள். ஒன்பது வருடம் கடந்த உங்களுக்கு அதே பலன் என்று யாரும் உறுதி தர முடியாது. சீனி இறங்கும், குளிசை குறையலாம். அதுவே பெரிய லாபம்.

ஆகவே அடியோடு விட வேண்டாம், பாதியாக்குங்கள். ஒரு சுண்டு அரிசி ஏறக்குறைய 200 கிராம், அதில் 155 கிராம் மாச்சத்து. வயலுக்குப் போய் வருகிறவர் ஒரு நேரத்திலேயே முக்கால் சுண்டு அரிசிச் சோறு சாப்பிடுவது வன்னியில் புதினமில்லை. வயல் வேலை இல்லையென்றால் உங்களுக்கு அது தேவையில்லை. மத்தியானம் தேநீர்க் கோப்பையில் தலைதட்டி ஒரு கோப்பைச் சோறு போதும். கோப்பையில் அளந்தே போடுங்கள், கண்ணளவு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். சாப்பாட்டுத் தட்டில் பாதி கத்தரி, வெண்டி, பாகல், புடலங்காய், முருங்கையிலைச் சுண்டல் என்று நிறையட்டும். கையகலத் துண்டு விராலோ ஜப்பான் மீனோ சேரட்டும். மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சீனி ஏறுவது குறையும். காலையில் அவித்த பயறு அல்லது கௌபி ஒரு கோப்பை, ஒரு முட்டை. இரவு மீன் சொதியோடு மரக்கறியும் இரண்டு இடியப்பமும். பிளேன்ரீக்கு இரண்டு கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து தரம் என்றால் அதுவே 40 கிராம். சோற்றைக் குறைத்துவிட்டு இதைத் தொடர்கிறவர்கள்தான் கூட.

ஒடியல் புட்டு ஆசையென்றால் கிழமையில் ஒரு நாள் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடலாம். மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கசப்புப் போக நன்றாகப் பிழிந்து, மாவின் அளவுக்கே முருங்கையிலையும் பயற்றங்காயும் சின்ன இறாலும் கலந்து அவியுங்கள். அப்போது ஒரு கோப்பைப் புட்டில் மா அரைக் கோப்பைதான். மரவள்ளியென்றால் தோலை நன்றாகச் சீவி, நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அதிலுள்ள நஞ்சு அப்படித்தான் போகும். இரண்டு மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம்.

வயிறு ஊதலுக்கு அரிசியைக் குற்றம் சொல்ல முடியாது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அரிசியில் இல்லை. கோதுமைக்குச் சந்தேகம் இருக்கலாம். ஆனால் கோதுமையை விட முன்னர் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முதலே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரும். அப்புறம் ஆறு கிழமை திரும்பச் சாப்பிட்டுவிட்டுத்தான் சோதிக்க வேண்டியிருக்கும். பலர் மறக்கிற இன்னொன்று, மெற்போமினே வயிற்றை ஊத வைக்கும். சாப்பிட்ட உடன் போடுங்கள், மெல்லக் கரையும் வகை கிடைக்குமா என்று கேளுங்கள். நீண்டகாலம் போடுகிறவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்து கால் விறைப்பதும் உண்டு. பயறு, கௌபியைத் திடீரென்று கூட்டினாலும் வாயு கூடும். ஓர் இரவு ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி, புதுத் தண்ணீரில் அவித்து, முதல் நாட்களில் இரண்டு மேசைக்கரண்டியோடு தொடங்குங்கள்.

முழங்கால் தேய்மானம் என்றால் எடை குறைய நோவும் குறையும், அது எந்தத் தானியத்தை விட்டதால் வருவதில்லை. மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்தால் யூரிக் அமிலம் பார்க்க வேண்டும். சோற்றுக்குப் பதில் இறாலும் கருவாடுமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஏறும், கருவாட்டு உப்பு பிரஷரையும் ஏற்றும்.

கடைசியாக, சிறுநீரகம். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. சீனியும் பிரஷரும் அதே உறுப்பைத்தான் தாக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தக் கிரியேற்றினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குக் கணக்கே தலைகீழ்: சோற்றில் பொற்றாசியம் மிகக் குறைவு, மரவள்ளி, பயறு, கீரை, இளநீர் எல்லாவற்றிலும் கூட. அவருக்குச் சோறுதான் பாதுகாப்பு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கசநோய் மருந்து எடுப்பவர்கள், மெலிந்தவர்கள், பிள்ளைகள் இந்தப் பாதியாக்கும் முறைக்கு வரக்கூடாது.

முதற் கிழமையில் இறங்குகிற ஒன்றிரண்டு கிலோ பெரும்பாலும் தண்ணீர்தான், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் மரக்கறி போதவில்லை என்று அர்த்தம். வயல் வேலை கூடிய அறுவடைக் காலத்தில் தொடங்க வேண்டாம். கிழமையில் மூன்று நாளாவது வெறும் வயிற்றிலும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்திலும் சீனியைச் சோதித்து, என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு கொப்பியில் எழுதுங்கள். இரண்டாவது எண் 180க்குக் கீழே நின்றால் சோற்றின் அளவு சரி. மூன்று மாதத்தில் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி பரிசோதனை செய்து, அந்தக் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். குளிசை குறைப்பதா இல்லையா என்று டொக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.