மெஷ் கையுறை கேட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?

கேள்வி: என் கணவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு மாட்டிறைச்சி ஆலையில், எலும்பு நீக்கும் பகுதியில் கத்தி வேலை செய்கிறார். விசா முடிவு வரும்வரை தரும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறார். அவருடைய மெஷ் கையுறையில் (கத்தி வெட்டாமலிருக்க உலோக வளையங்களால் பின்னியது) சில வளையங்கள் அறுந்துவிட்டன. புதிது வேண்டுமென்றால் சம்பளத்தில் பிடிப்போம் என்கிறார் சூப்பர்வைசர். இரவில் கத்தி பிடிக்கும் கை விரல்கள் விறைத்து, எழும்பி உட்கார்ந்து கையை உதறுகிறார். வாய் திறந்தால் வேலையும் விசாவும் போய்விடும் என்று பயம். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பயம். குயின்ஸ்லாந்தின் 2011ஆம் ஆண்டு பணியிடப் பாதுகாப்புச் சட்டம் விசா பார்ப்பதில்லை. பாதுகாப்புக் கேட்பதோ காயத்தை அறிவிப்பதோ விசாவை ரத்துச் செய்யக் காரணம் ஆகாது. கையுறைக்குப் பணம் பிடிப்பதை அதே சட்டத்தின் 273ஆம் பிரிவு நேரடியாகத் தடுக்கிறது. கைக்குச் சரியான அளவில் கொடுப்பதும் முதலாளியின் கடமைதான்.

வளையம் அறுந்த கையுறையுடன் இனி ஒரு ஷிஃப்டும் வேண்டாம். கத்தி நுனி நுழைவது அந்த ஓட்டையில்தான். போனில் படம் எடுத்து வைக்கட்டும். வேலை தொடங்கும் முன்பே மாற்றித் தரச் சொல்லட்டும். மறுத்தால் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதியிடமோ யூனியனிடமோ போகலாம். ஒன்று கவனம்: மின்வாளில் எலும்பு வெட்டும் இடத்துக்கு மாற்றினால் மெஷ் கையுறையைக் கழற்றிவிட வேண்டும். வாள் அதைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

விரல் விறைப்பு எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, கையை உதறினால் குறைகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதோ என்று பார்க்க வேண்டும். குளிர், வேகம், கையை மடக்கி இறுக்கிப் பிடிப்பது எல்லாம் காரணம். ஆனால் பலர் கவனிக்காதது மொட்டைக் கத்தி. கூர் போன கத்தியோடு ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். அந்தப் பலம் முழுவதும் மணிக்கட்டில்தான் இறங்குகிறது. கத்தி தீட்ட நேரமும் முறையான பயிற்சியும் கேட்பது கையுறை கேட்பதைப் போலவே நியாயமானது. தொளதொளத்த கையுறையும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

இந்த வாரமே டாக்டரிடம் போகட்டும். 'வேலையால் வந்தது' என்று தெளிவாகச் சொல்லி, வேலைத் திறன் சான்றிதழ் வாங்கி, வேலையில் வரும் காயத்துக்கு இழப்பீடு தரும் வொர்க்கவர் காப்பீட்டில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவான காலவரம்பு 6 மாதம். பொறுத்துப் பொறுத்துக் கைவலு போன பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: கியூ காய்ச்சலுக்கு ஊசி போட்டாரா? 1930களில் பிரிஸ்பேன் இறைச்சி ஆலைத் தொழிலாளர்களிடம்தான் அந்த நோயை முதலில் அடையாளம் கண்டார்கள். மாட்டின் பிரசவ நீர், சிறுநீர், சாணம் கலந்த தூசியை மூச்சில் இழுத்தாலே தொற்றிவிடும், கையுறை தடுக்காது. ஊசிக்கு முன் இரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் கட்டாயம். முன்பே தொற்று வந்தவருக்குப் போட்டால் கடுமையான எதிர்விளைவு வரலாம்.

அப்புறம், டாக்டரிடம் நீங்கள் மொழிபெயர்க்கப் போக வேண்டாம். அரசு மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கும்படி கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.