நாடாளுமன்றம் வேண்டாம், மாமன்றம் நடத்துங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். 13 முதல் 17 வயது வரை 24 பிள்ளைகள் வருகிறார்கள். மாதிரி நாடாளுமன்றம் நடத்த ஆசை. ஆனால் பள்ளி விழாக்களில் எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பதைத்தான் பார்க்கிறோம். அரசியல் பேசிச் சண்டை வந்துவிடுமோ என்று பெற்றோரும் பயப்படுகிறார்கள். எப்படிச் செய்தால் உண்மையில் பயன்படும்?

பதில்: பிள்ளைகள் ஒப்பிப்பதற்கு அவர்கள் காரணமில்லை. அந்த அவையில் முடிவு செய்ய எதுவுமே இல்லை. மசோதா நிறைவேறும் என்று வசனத்திலேயே எழுதியாகிவிட்டது. ஆகவே முதல் வேலையாக, படிப்பகத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். 2,000 ரூபாய் போதும். அதை எப்படிச் செலவிடுவது என்று பிள்ளைகள்தான் முடிவு செய்வார்கள், நாங்கள் மாற்றமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். இந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம்.

அப்புறம், நாடாளுமன்றத்தை விட்டுவிட்டு மாமன்றம், அதாவது மாநகராட்சிக் கவுன்சிலர்கள் கூடும் மன்றம் நடத்துங்கள். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனது, 45 வார்டுகள் உள்ளன. சாக்கடையும் தெருவிளக்கும் பிள்ளைகள் தினமும் பார்ப்பவை, அவற்றைப் பற்றி அவர்களுக்குச் சொந்தக் கருத்து உண்டு. அயலுறவுக் கொள்கை பற்றிப் பேசச் சொன்னால் மனப்பாடம்தான் வரும்.

24 பேரை 4 வார்டாகப் பிரியுங்கள். வார்டுக்கு 2 கவுன்சிலர், அதில் ஒருவர் பெண். தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்குத்தான். பையன்கள் முணுமுணுத்தால் அதையே விவாதப்பொருள் ஆக்குங்கள். வேட்புமனு, பரிசீலனை, வாபஸ், சின்னம், ரகசிய வாக்கு என எல்லாமே இருக்கட்டும். பிரசாரச் செலவுக்கு 20 ரூபாய் உச்சவரம்பு வைத்து, கணக்குக் கேளுங்கள். மேயரை மாநகராட்சியில் போலவே கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கட்டும். கிராம ஊராட்சித் தலைவரை மட்டும் மக்கள் ஏன் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

போட்டியிடாத மூன்று பேர் முதலில் தேர்தல் அதிகாரிகள், பிறகு மாநகராட்சி நிர்வாகத்தை நடத்தும் ஆணையரின் அலுவலகம். கணக்கும் தீர்மானப் புத்தகமும் அவர்களிடம். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது. ஒவ்வொரு மன்றக் கூட்டத்துக்கும் முன்னால் வார்டுக் கூட்டம் போட்டு, தங்கள் கவுன்சிலரிடம் கோரிக்கை கொடுத்து, போன கோரிக்கை என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். தலைமைப் பண்பு வளர்வது பெரும்பாலும் இங்கேதான். மேடையில் நன்றாகப் பேசிய பிள்ளை, கேள்வி கேட்கும் ஐந்து நண்பர்கள் முன்னால்தான் பொறுப்பு என்றால் என்ன என்று உணர்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுதேர்தல் வையுங்கள்.

பட்ஜெட் கூட்டத்தில் மின்கட்டணமும் தண்ணீர் கேனும் முதலில் கழியட்டும். மீதியில் கேரம் போர்டா, மின்விசிறி பழுதா என்று வாக்கெடுப்பு நடக்கும். அவர்கள் கேரம் போர்டு வாங்கிவிட்டு வியர்வையில் உட்கார்ந்தாலும் நீங்கள் வாய் திறக்காதீர்கள். உங்களுக்கு இரண்டே விஷயத்தில் தடுக்கும் அதிகாரம்: பாதுகாப்பு, யாரையும் இழிவுபடுத்துவது. அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பக்கத்துப் புதுச்சேரியில் மக்கள் தேர்ந்தெடுக்கும் 30 எம்.எல்.ஏ.க்களோடு மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம், துணைநிலை ஆளுநருக்கும் தனி அதிகாரம் உண்டு. பெரிய பிள்ளைகள் இதையும் உங்கள் தடுப்பதிகாரத்தையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டால் சந்தோஷப்படுங்கள்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு பயிற்சி சொல்கிறேன், இதைத் தவறவிடாதீர்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. உங்கள் பிள்ளைகளில் மூத்தவருக்கும் அது நினைவிருக்காது. ஒரு வாரம் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து வரச் சொல்லுங்கள்: மின்சாரம் எத்தனை நாள் இல்லை, குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, நிவாரணம் யாருக்கு முதலில் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவே இல்லை. பிறகு அவசரக் கூட்டம். கையிருப்பு 100 தார்ப்பாய், கூரை போன வீடுகள் 160, மணி இரவு எட்டு. யாருக்கு முதலில்? விதியை அவர்களே எழுத வேண்டும், கிடைக்காத 60 வீட்டாரிடம் மேயர் நேரில் விளக்க வேண்டும். அந்த வீட்டாராக வார்டுப் பிள்ளைகளே இருப்பார்கள். கூட்டத்தின் நடுவில் ஆணையர் ஒரு தாளை நீட்டட்டும்: இரண்டு தெருக்களின் கணக்கெடுப்பு தவறு. அப்போது யார் கத்துகிறார், யார் நிதானமாகத் திருத்துகிறார் என்று குறித்து வைத்து, மறுநாள் அவர்களிடமே பேசுங்கள்.

பெற்றோரின் பயத்துக்கு எளிய வழி உண்டு. நிஜக் கட்சிப் பெயர், சின்னம், தலைவர் படம் எதுவும் வேண்டாம். சாதியைச் சொல்லி வாக்குக் கேட்டால் வேட்புமனு ரத்து. முதல் கூட்டத்துக்குப் பெற்றோரையே பார்வையாளராக அழையுங்கள், பயம் பாதி தீர்ந்துவிடும். கருத்து மோதல் இருக்கத்தான் வேண்டும். எதிர்த்து வாக்களித்தவர் பெயரும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.

மூன்றாவது மாதத்தில் ஒரு தீர்மானத்தை வெளியே எடுத்துச் செல்லுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் நிஜக் கவுன்சிலரிடம் மனு, நகர்வு இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். மனுவைப் பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். ஒப்புகைச் சீட்டை வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவைத்து, அடுத்த வார்டுக் கூட்டத்தில் அதன் நிலையைக் கேட்க ஒரு பிள்ளையை இப்போதே நியமித்துவிடுங்கள்.