ஞாயிற்றுக்கிழமை வடை

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு தாய்: "உயர்நிலை 3 படிக்கும் என் மகளும் ஐந்து தோழிகளும் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் கூடிப் புத்தகம் படிக்கிறார்கள். இப்போது படிப்பது, குழந்தை அடிமையாக இருந்து மீண்ட ஷைமா ஹால் எழுதிய தன் கதை. பிள்ளைகள் 'பாவம்' என்று சொல்லி அடுத்த பக்கம் போகிறார்கள். இவ்வளவு கனமான புத்தகம் தேவையா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். என் மகளோ போன வாரம் பாதியில் எழுந்து அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். விருந்தாளிகள் முன்னால் ஒரே சங்கடம். எங்கள் பணிப்பெண்தான் எல்லாருக்கும் சுடச்சுட வடை போட்டுத் தருவாள். தங்கமான பெண், இரண்டு வருடத்தில் ஒருநாள் லீவு கேட்டதில்லை. எப்படி நடத்தினால் பிள்ளைகள் மனத்தில் பதியும்?"

பதில்: புத்தகத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த வடை.

ஷைமாவை எகிப்தில் 8 வயதில் பெற்றோரே ஒரு பணக்கார வீட்டு வேலைக்கு ஒப்படைத்தார்கள். 10 வயதில் அந்தக் குடும்பம் அவளைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனது. ஜன்னல் இல்லாத கார் ஷெட்டில் படுக்கை, பள்ளிக்கூடம் கிடையாது. பேர் சொல்லாத யாரோ ஒருவர் போன் செய்த பிறகுதான், 2002இல், அவளை மீட்டார்கள்.

உங்கள் பணிப்பெண்ணை அடிமை என்று நான் சொல்லவில்லை. இங்கே 23 வயது ஆகாதவரை வீட்டு வேலைக்கு எடுக்கவே முடியாது. அவர் பெரியவர், சம்பளம் வாங்குகிறவர். இரண்டையும் ஒன்றாக்கினால் அந்தச் சிறுமி பட்டதுதான் சிறுத்துப்போகும். ஆனால் கூடத்தில் ஆறு பிள்ளைகள், ஓயாமல் வேலை வாங்கப்பட்ட ஒரு குழந்தையின் கதையைப் படிக்கிறார்கள். அதே நேரம் அடுப்படியில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறார். அவர் லீவு கேட்காததை நல்ல குணம் என்று எழுதுகிறீர்கள். கேட்டால்தான் கொடுப்பீர்களா? வாரம் ஒருநாள் ஓய்வு என்பது 2013லிருந்து விதி. 2023லிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்துக்கூடச் சரிக்கட்ட முடியாது.

உங்கள் மகள் ஒருத்திக்குத்தான் அந்தப் புத்தகம் புரிந்திருக்கிறது. அவளைக் கண்டித்திருந்தால் இன்றே மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் தாய்க்கு எந்தக் குறைச்சலும் இல்லை. வீட்டில் வேலை செய்கிறவரை எப்படி நடத்துவது என்பதைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

சரி, புத்தகம். 8 வயதில் ஒருத்தி பட்டதை 15 வயதில் படிக்கக் கூடாதா என்று அந்தப் பெற்றோரைக் கேளுங்கள். ஷைமா எவ்வளவு அழுதாள் என்று பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தால் 'பாவம்' தவிர வேறு எதுவும் வராது. அந்த வீட்டுக்கு யார் யார் வந்துபோயிருப்பார்கள், போன் செய்தவர் என்ன பார்த்திருப்பார், நம் புளோக்கில் என்றால் நாம் செய்திருப்போமா என்று கேளுங்கள். எகிப்தோடு நிறுத்தவும் வேண்டாம். கொத்தடிமை முறையை இந்தியா 1976இல் சட்டம் போட்டு ஒழித்தது. அதன் பிறகும் தமிழ்நாட்டுச் செங்கல் சூளைகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த குடும்பங்களை, பிள்ளைகளோடு மீட்டிருக்கிறார்கள். உலகம் முழுதும் கட்டாய உழைப்பில் சிக்கிய குழந்தைகள் மட்டும் 33 லட்சம் என்பது 2021ஆம் ஆண்டுக்கு அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு சொன்ன கணக்கு.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பணிப்பெண்ணைக் கூடத்துக்குக் கூப்பிட்டு, உன் கதையைச் சொல் என்று உட்கார வைக்காதீர்கள். ஷைமா தன் கதையைத் தானே விரும்பி எழுதினாள்.

வரும் ஞாயிறு அவரைக் காலையிலேயே அனுப்பிவிடுங்கள், எங்கே போகிறாய் என்று கேட்காமல். சனிக்கிழமை இரவே நீங்கள் உளுந்தை ஊறப்போடுங்கள். அரைக்க உங்கள் மகள் வருவாள்.